பட்டரியைக் காயப்போட்டது நீங்கள் அல்ல

இந்த முறை எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன் அக்கா. இனி உங்களால் இதைப் படிக்க முடியாது. நீங்கள் இருந்தபோது இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் இருந்தது. நான் சொல்லவில்லை. அதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நேற்று உங்கள் கருமாதி. உங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் இரண்டு பட்டரிகள் வெயிலில் கிடந்தன. உங்கள் சிவப்பு ரேடியோவின் பட்டரிகள். உங்கள் மகள் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை வந்து, எல்லாப் பக்கமும் சூடு படும்படி அவற்றை உருட்டிவிட்டுப் போனாள். நம் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் செய்கிற வேலைதான். ரேடியோ முனகத் தொடங்கினால் பட்டரியைக் கழற்றி வெயிலில் வைப்போம். இன்னும் இரண்டு நாளைக்குப் பாடும். ஆனால் பந்தியில் இருந்த ஒருவர், "பெட்டரிக்காரி மகளும் பெட்டரிதான் காயப்போடுது பாரு" என்றார். துக்க வீடு என்றும் பாராமல் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். உங்கள் மகள் பட்டரிகளை எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெயரை உங்களுக்கு வைத்தது நான்.

பதுளையில் உள்ள நலன்புரி நிறுவனத்து அதிகாரி, நாம் சேர் என்று கூப்பிடுகிறவர், அந்தக் கருவியைக் கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறது. உள்ளங்கை அளவில் சாம்பல் நிறத்தில் இருந்தது. எழுதுவதற்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சி. வீடு வீடாகப் போய், யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, யாருக்கு அடையாள அட்டை இல்லை என்று அதில் பதிய வேண்டும். பிறகு அதை வாசிகசாலையில் வைத்திருந்த கம்பியூட்டரோடு இணைத்துப் பட்டியலை எடுக்க வேண்டும். பட்டியல் போனால், சான்றிதழும் அட்டையும் எடுத்துக் கொடுக்கிற நடமாடும் சேவை நம் தோட்டத்துக்கு வரும். எந்த வீட்டுக் கதவும் உங்களுக்குத் திறக்கும் என்பதால் பதிகிற வேலைக்கு உங்களைத் தெரிவு செய்தார்கள். பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் பதுளை பஜாரில் மூன்று மாதம் கம்பியூட்டர் வகுப்புக்குப் போயிருந்தேன். அதனால் இணைக்கிற வேலை எனக்கு.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். போகும்போது உங்களிடம் சொன்னார்: "வேலையை ஒழுங்காச் செய்து தாங்கோ. பிள்ளை மடுவத்துக்கு ஆள் எடுக்கப் போகினம். நானே துரையிட்டச் சொல்லுறன்."

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அந்த மடுவத்தைக் கடக்கும்போதெல்லாம் நீங்கள் ஜன்னலால் எட்டிப் பார்ப்பீர்கள். "கூரைக்குக் கீழ ஒரு வேல கெடச்சா போதும் பாப்பா. பதினாறு வருசமா மழையிலேயே நிக்கிறேன்" என்பீர்கள். ஐந்து வாரமும் நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கினீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கருவியில் தமிழ் எழுத முடியாது. ஆங்கில எழுத்துகளை நான்தான் உங்களுக்குச் சொல்லித் தந்தேன். பழகுவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றபோது, என் பெயரைக் கொடுத்தேன். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கலாம். அன்று முழுக்க என் பெயரையே எழுதி எழுதிப் பழகினீர்கள். பிறகு குச்சியைக் கொண்டையில் செருகிக்கொண்டு, "இப்ப நானும் கிளாக்கர்தான்" என்று சிரித்தீர்கள்.

பட்டரி விஷயத்தையும் அன்றே சொன்னேன். கருவிக்கு இரண்டு சின்ன பட்டரிகள். அவற்றைக் கழற்றி ஒரு நிமிடத்துக்கு மேல் வெளியே வைத்தால் உள்ளே பதிந்ததெல்லாம் அழிந்துவிடும் என்று கையேட்டில் இருந்தது. "ரேடியோவுக்குச் செய்ற மாதிரி இதுக்குச் செஞ்சிராதீங்க அக்கா" என்றேன். நீங்கள் பட்டரி மூடியின் மேல் ஒரு பிளாஸ்டரை ஒட்டி, அதன் மேல் பேனையால் ஒரு கோடு போட்டீர்கள். "யாராச்சும் தொறந்தா எனக்குத் தெரிஞ்சிரும்." அந்தப் பிளாஸ்டர் கடைசி வரை பிரியவே இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசிகசாலையில் உட்கார்ந்தோம். கருவியை வைக்கிற தாங்கிக்குக் கையேட்டில் தொட்டில் என்று அர்த்தம் வருகிற பெயர் இருந்ததைச் சொன்னேன். "மடுவத்து வேலைக்கு இப்பவே பழகிக்கிறேன்" என்று அதைத் தாலாட்டுவது போல் வைத்தீர்கள். ஆனால் இணைப்புக் கிடைக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் கருவி ஒரு ராகம் பாடும், அரை நிமிடம் காத்திருக்கும், பிறகு கம்பியூட்டரைக் காணவில்லை என்று சொல்லும். வயரைப் பிடுங்கிச் செருகினேன். ஊசிமுனைகளை அழிறப்பரால் துடைத்தேன். வேகத்தைக் குறைத்தேன். கம்பியூட்டரை அணைத்துப் போட்டேன். மூன்று சனிக்கிழமை இப்படிப் போனது. கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, உங்களுக்குப் புரியாத சொற்களை வேண்டுமென்றே சத்தமாக வாசித்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை நீங்கள் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தீர்கள்.

"பாப்பா, இங்க ஒரே மாதிரி ரெண்டு வாசல் இருக்கே. நீ எந்த வாசல்ல தேடுற?"

"முதலாவதுல. புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"அதுலதான் ஒன் எலி குந்திக்கிட்டு இருக்கே! நம்ம வயரு ரெண்டாவதுல இல்ல இருக்கு?"

மவுஸ் என்றால் எலி என்று நான் சொல்லித் தந்ததை வைத்துத்தான் அப்படிச் சொன்னீர்கள். "அப்படியெல்லாம் இல்லக்கா, இது வேற விசயம்" என்றேன். நீங்கள் போன பிறகு, தேட வேண்டிய இடத்தை இரண்டாவதாக மாற்றிப் பார்த்தேன். உடனே இணைப்புக் கிடைத்தது. மறுநாள் நீங்களும் அருகில் நிற்கும்போதே சேரிடம் தொலைபேசியில், "நானே கண்டுபிடிச்சிட்டேன் சேர்" என்றேன். நீங்கள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினீர்கள். "நீ கெட்டிக்காரிதான்" என்று மட்டும் சொன்னீர்கள். பெரிய பொய்க்கு முன்னால் இந்தச் சின்னத் திருட்டு இருந்தது. அது எனக்கு இலகுவாக இருந்ததால்தான் அடுத்ததும் வந்தது.

இனி அந்தச் சனிக்கிழமை.

நூற்றுப் பதினேழு குடும்பங்களைப் பதிந்து முடித்திருந்தீர்கள். எல்லாரையும் பதிந்த பிறகு ஒரேயடியாக எடுக்கச் சேர் சொல்லியிருந்ததால், அதுவரை ஒரு பெயரும் கம்பியூட்டருக்குப் போகவில்லை. பின்னேரம் சேர் வான் வண்டியில் வருவதாக இருந்தது. காலையில் கருவியை என்னிடம் தந்துவிட்டு மலைக்குப் போகும்போது, "நான் வர்ற வரைக்கும் தொடாத பாப்பா. பேரெல்லாம் உள்ள போறத நானும் பாக்கணும்" என்றீர்கள். மூன்று மணி வரை காத்திருந்தேன். கொழுந்து நிறுத்து முடிய நேரமாகும் என்று தெரியும். ஆனால் சேர் வரும்போது எல்லாம் முடிந்து, நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பொத்தானை அழுத்தினேன். ராகம் கேட்டது. முடிந்தது என்று திரையில் வந்தது. பட்டியலைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. என்னுடையது.

முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கருவி உங்கள் வீட்டில் இருக்கும்போதே, கம்பியூட்டரில் பரிசோதனைக்காக என் பெயரைப் போட்டு வைத்திருந்தேன். கம்பியூட்டரில் இருப்பது கருவிக்குப் போகும்படி, கருவியில் இருப்பதன் மேல் எழுதும்படி அமைப்பை மாற்றியும் வைத்திருந்தேன். என் பெயர் கருவிக்குள் போவதை உங்களுக்குக் காட்டிச் சிரிக்க வைக்கலாம் என்ற விளையாட்டு. அதைத் திருப்பி மாற்ற மறந்துவிட்டேன். கருவியைத் திறந்து பார்த்தேன். அங்கும் என் பெயர் மட்டும். ஐந்து வாரம் நீங்கள் எழுதிய அத்தனை பேருக்கும் மேல் அது உட்கார்ந்திருந்தது.

வான் சத்தம் கேட்டது. நீங்களும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக் கூட அவிழ்க்காமல், நனைந்த காலோடு ஓடி வந்தீர்கள்.

சேர் திரையைப் பார்த்தார். "என்ன பிள்ளை, ஒண்டையும் காணேல்லை?"

நான் யோசித்ததாகவே நினைவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. சொல் தானாக வந்தது. "அக்கா பெட்டரியக் கழட்டி வெயில்ல வச்சிட்டாங்க சேர்."

அவர் உடனே நம்பினார். கேள்வியே கேட்கவில்லை. பிளாஸ்டரைக்கூடப் பார்க்கவில்லை. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எப்படி, எப்போது என்று கேட்டிருப்பார். தோட்டத்துப் பெண் பட்டரியை வெயிலில் வைத்தாள் என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அது எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. நானும் அதே லயத்தில்தான் பிறந்தேன். என் அம்மாவும் எங்கள் ஜன்னலில் பட்டரி வைக்கிறவர்தான்.

"இல்லீங்க சேர். அது ரேடியோவுக்கு. இதுல நான் கை வைக்கலீங்க. இந்தா பாருங்க, பிளாஸ்டர் ஒட்டுனபடியே..."

"போதும். உங்கட ஆக்களிட்ட இதைக் குடுத்தது என்ர பிழை."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். பிறகு திரையைப் பார்த்தீர்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்குப் படிக்கத் தெரியும். உலகத்தில் வேறெந்த ஆங்கிலச் சொல்லையும்விட அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் படங்கை அவிழ்த்து மடிக்கத் தொடங்கினீர்கள். சேர் கருவியை எடுத்துக்கொண்டு போனார். குச்சி உங்கள் கொண்டையிலேயே இருந்துவிட்டது.

பிறகு கங்காணி இரண்டு நாளில் தாளில் ஒரு பட்டியல் எழுதினார். நினைவு வந்த குடும்பங்கள் மட்டும் அதில் இருந்தன. நடமாடும் சேவை வந்தபோது பல பேர் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். எனக்குக் கீழ் வகுப்பில் படித்த இரண்டு பிள்ளைகள் அடையாள அட்டை இல்லாமல் கடிதம் வாங்கிக்கொண்டு பரீட்சைக்குப் போனார்கள். மடுவத்து வேலை கீழ்ப் பிரிவிலிருந்து வந்த ஒருவருக்குக் கிடைத்தது. உங்களுக்குப் பெட்டரிக்காரி என்ற பெயர் கிடைத்தது.

இரண்டு மாதம் நீங்கள் என்னோடு பேசவில்லை. பைப்பில் நான் தண்ணீர் பிடிக்க வந்தால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு ஒரு நாள், பதுளையிலிருந்து நம் பக்கம் வருகிற ஸ்பிரிங்வெளி பஸ். நீங்கள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தீர்கள். நான் வெள்ளைச் சீருடையில், புத்தகப் பையோடு. "இங்க வா, குந்து" என்று நகர்ந்து இடம் தந்தீர்கள். கொஞ்ச தூரம் போன பிறகு, கோபமே இல்லாத குரலில், ஏதோ விலைவாசியைப் பற்றிப் பேசுவதுபோலக் கேட்டீர்கள்:

"எல்லாரு பேரும் அழிஞ்சிச்சு. ஒம் பேரு மட்டும் எப்படி பாப்பா அழியாம இருந்துச்சு?"

நீங்கள் வழி விட்டீர்கள் அக்கா. நான் சொல்லியிருந்தால் பஸ்ஸிலேயே திட்டியிருப்பீர்கள், ஒருவேளை அறைந்தும் இருப்பீர்கள். பிறகு வெற்றிலைப் பையைத் திறந்து எனக்கு ஒரு டொபி மிட்டாய் தந்திருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நாம் இறங்கும் இடத்துக்கு முந்திய நிறுத்தத்திலேயே மணி அடித்து இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பேசினோம். பரீட்சை முடிவைக் கேட்டீர்கள், உயர்தரத்துக்குப் போகிறேன் என்றதும் சந்தோஷப்பட்டீர்கள். ஆனால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை.

இந்த மாதம் ஏழாம் மலையில் குளவிக் கூடு கலைந்தது. மற்றவர்கள் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கூடையைத் தலையிலிருந்து எடுக்க உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே முடிந்துவிட்டது. மடுவத்தில் இருந்திருந்தால் என்று அம்மா ஒரு தடவை சொன்னார், பாதியில் நிறுத்திவிட்டார். அந்த வசனத்தை நான் முடிக்கவில்லை. முடிக்காமல் இருப்பது எனக்குச் சாதகமான பக்கம் என்பதும் தெரிகிறது.

நேற்றுப் பந்தி முடிந்ததும் உங்கள் மகளைத் தேடிப் போனேன். உள்ளே உட்கார்ந்து பட்டரிகளை மறுபடி ரேடியோவில் போட்டுக்கொண்டிருந்தாள். இறுகியிருந்த மூடியை நெம்ப அவள் கையில் இருந்தது அந்தக் குச்சி.

"அம்மா பெட்டரியக் காயப்போட்டதால அந்த லிஸ்ட் அழியல" என்றேன். "நான்தான் அழிச்சேன். பயத்துல அம்மா மேல பழியப் போட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பத்து வயதுதான். அழுவாள் என்று நினைத்தேன்.

"அம்மா எப்பவும் சொல்லும், நான் அதக் கழட்டவே இல்லன்னு. நான் நம்பல. நானும் பெட்டரிக்காரின்னு கூப்பிட்டிருக்கேன்."

அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

"இத எங்கிட்ட மட்டும்தான் சொல்லுவீங்களா? எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களா?"

"எல்லார்கிட்டயும்."

"எப்ப?"

உங்கள் மகள்தான். ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் கூட்டம் இருக்கிறது. அங்கே வாசிப்பதாகச் சொன்னேன். அவள் முன் வரிசையில் உட்காருவாளாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். நின்றுகொண்டு பேசினால் எங்காவது என்னை நல்லவளாக்கிக்கொள்வேன், தாளில் இருந்தால் இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும். சேர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அவருடைய நிறுவனத்துக்கு ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

மன்னிப்புக் கேட்டு முடிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல. பஸ்ஸில் நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதற்குப் பதில்: என் பெயரை நானே உங்கள் எல்லாரின் மேலும் எழுதினேன் அக்கா. அதனால்தான் அது அழியவில்லை.

பதுளை நூலகத்தில் இருந்து எழுதுகிறேன். மூடும் நேரம். இந்த வரிக்குக் கீழே என் முழுப் பெயரையும், அப்பா பெயரோடும் லய இலக்கத்தோடும் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். பத்திரிகைப் பகுதியில் லைட்டை முதலில் அணைத்தார்கள், பிறகு அலுமாரிகளின் பக்கம். இப்போது என் மேசைக்கு மேலிருந்த லைட்டையும் அணைத்துவிட்டார்கள்.