கவிழ்ந்த வள்ளத்துக்கு எத்தனை பக்கம்

மச்சான்,

ட்ரோன் பெட்டியை இன்று காலைதான் திறந்தேன். போன கிழமை கடலால் வந்ததும் அப்படியே மூடி மேசைக்குக் கீழே தள்ளியிருந்தேன். உப்புப் பிடித்தால் பழுதாகிவிடும் என்று தெரிந்தும் கை போகவில்லை. திறந்ததும் மண்ணெண்ணெய் மணம் குப்பென்று வந்தது. உங்கள் வள்ளத்தில் எஞ்சினுக்கு ஊற்றும்போது நீ கொட்டியது. பெட்டிக்குள் இருக்கிற பஞ்சு அதை இன்னும் விடவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்து உன்னை ஏசியதெல்லாம் ஒரு காலம். இப்போது அந்த மணம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. துடைப்பதைப் பாதியில் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். போன கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

பல்கலைக்கழக வளாகத்தில் நாம் இரண்டாம் வருடம் படித்தபோது விடுமுறைக்கு உன் ஊரான சல்லிக்கு வந்த நீ, அண்ணனுக்குத் துணையாகக் கடலுக்குப் போனாய். வள்ளம் கவிழ்ந்தது. இரண்டு பேரும் அதன் அடிப்பக்கத்தைப் பிடித்தபடி கிடந்தீர்கள். தேட வந்த விமானம் உங்கள் தலைக்கு மேலால் போனது, திரும்பியும் வந்தது, காணவில்லை. அதற்குப் பிறகுதான் அண்ணனின் பிடி விட்டுப்போனது. மறுநாள் வேறு வள்ளக்காரர் உன்னைத் தூக்கி எடுத்தார்கள். அண்ணன் கிடைக்கவேயில்லை. இதை நீ என்னிடம் ஒரு தரம்தான் சொன்னாய், அதுவும் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டு, யாருக்கோ நடந்தது போல. "அவங்களில பிழையில்லையடா. மேல இருந்து பாத்தா நாங்கள் வெறும் நுரை" என்றாய்.

படித்து முடித்து, ஆளுக்கொரு வேலை கிடைத்து, திருகோணமலைக்கே திரும்பி வந்த பிறகு ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் வைத்து அந்தக் கதையின் மிச்சத்தை எடுத்தாய். பிளேன்ரீக் கிளாசைக் குடித்து முடித்து மேசையில் வைத்தாய்.

"பக்கத்தால பாத்தா இது கட்டம். மேல இருந்து பாத்தா வட்டம். ரெண்டும் ஒரே கிளாஸ் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. கையில எடுத்துத் திருப்பிப் பாத்திருக்கிறன்."

"அதுதான் விஷயம். கொம்பியூட்டருக்குக் கை இல்லை. நாங்கள்தான் திருப்பித் திருப்பிக் காட்டோணும். வள்ளத்தையும் அப்பிடிக் காட்டுவம். கவுந்த வள்ளத்தை."

கடலுக்கு மேலால் ட்ரோன் பறக்க, அது அனுப்புகிற படத்தில் கவிழ்ந்த வள்ளம் எங்கே கிடக்கிறது என்று கணினியே கட்டம் போட்டுக் காட்டவேண்டும். இதுதான் உனக்கு வேண்டியிருந்தது. பெரிய வேலையா இது என்று நான் மார்தட்டினேன். மார்தட்டுகிற வேலையெல்லாம் எனக்கு, நீந்தத் தெரியாத ஆளுக்கு, கரையில் நின்றபடி சுலபமாக வரும்.

முதலில் செய்த கூத்தை நினைக்கிறாயா? சல்லிக் கடற்கரையில் வர்ணம் பூசுவதற்காகக் கவிழ்த்து வைத்திருந்த வள்ளங்களையெல்லாம் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக் கணினியைப் பழக்கினோம். பழகியபின் அது கடலில் ஒன்றையும் காணவில்லை. கரையில் படுத்திருந்த வெள்ளை மாட்டைக் கவிழ்ந்த வள்ளம் என்றது. நாம் காட்டிய படத்திலெல்லாம் மணல் இருந்தது, அது மணலைத்தான் படித்திருந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "மாடும் ஆபத்திலதான் கிடக்கோ தெரியாது, போய்க் கேள்" என்றாய்.

பிறகு அந்தப் படங்களையெல்லாம் சேர்த்துக் கணினிக்குள்ளேயே ஒரு வள்ளம் செய்தோம். நினைத்த பக்கம் திருப்பலாம், நினைத்த கடலில் மிதக்கவிடலாம். எனக்கு அது பெருமையாக இருந்தது. நீ திரையைப் பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டு, இப்படி மிதக்காது என்றாய். எஞ்சின் பாரத்துக்குப் பின்பக்கம் கீழே போய்விடும், அணியம் என்கிற முன்மூக்கு மட்டும்தான் மேலே நிற்கும், அலை வரும்போது அதுவும் மறையும் என்று கையை நீட்டிக் காட்டினாய். காட்டிய கையை நீ உடனே மடக்கிக்கொண்டதையும் பார்த்தேன். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

உண்மையான வள்ளம் ஒன்றைக் கடலில் கவிழ்க்கவேண்டியிருந்தது. யார் தருவார்கள்? கேட்ட இடமெல்லாம் முகம் மாறியது. தொழில் செய்கிற வள்ளத்தைத் தானே தண்ணீரில் குப்புறப் போட எந்தக் கடற்காரனுக்கு மனம் வரும். கடைசியில் உங்கள் வீட்டுக் குசினியில் நின்று நாம் அதைப்பற்றிக் குசுகுசுத்துக் கொண்டிருந்தபோது, மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னா:

"எங்கட வள்ளத்தக் கொண்டுபோங்கோ. அது கவுந்த வள்ளம்தானே தம்பி. இனி அதுக்கு என்ன வரக்கிடக்கு."

அண்ணனோடு நீ போன அதே வள்ளம். கட்டியிழுத்துக் கொண்டுவந்து வாடகைக்கு விட்டிருந்தீர்கள். உனக்கு அப்போதே கால் வீங்கத் தொடங்கியிருந்தது. சிறுநீரகம் இரண்டும் சரியில்லை, உடம்பை வருத்தாதே என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் தடுத்தேன். "வள்ளத்துக்குப் பக்கத்தில ஆள் இல்லாட்டி அதால என்ன பிரயோசனம்? ஆளைத்தானே தேடுறது" என்றாய். கவிழ்க்க உதவிக்கு வந்தவர்கள் கவிழ்த்த கையோடு நீந்திக் கரையேறிவிட்டார்கள். நீ மட்டும் அதைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்றாய். நான் கரையில் நின்று உயரவும் பதியவும், வெயிலுக்கு முன்னும் பின்னும் ட்ரோனைச் சுற்றவிட்டேன். போதும் வா என்று கத்தினேன். நீ வரவில்லை.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் நீ அண்ணாந்து கொண்டிருக்கிறாய்.

"ஏனடா மேல பாத்தனீ? தலை தெரிஞ்சாப் போதும் எண்டனான் எல்லோ?"

"பாக்காமல் இருக்க ஏலாதடா. அண்டைக்கும் பாத்தனாங்கள்."

நான் எழும்பி வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு படத்திலும் வள்ளத்தைச் சுற்றி ஒரு கட்டம், தலையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, இது வள்ளம், இது ஆள் என்று எழுதவேண்டும். அதைப் பெரும்பாலும் நீ ஆசுபத்திரியில் வைத்துத்தான் செய்தாய். ஒரு கையில் ஊசி, இரத்தம் இயந்திரத்துக்குள் போய் வந்துகொண்டிருக்கும். மற்றக் கையால் உன் தலையைச் சுற்றி நீயே கட்டம் போடுவாய். உன் பெயரைப் போடலாமே என்று நான் பகிடிக்குச் சொன்னேன். "பேர் தேவையில்லை. ஆள் எண்டாப் போதும்" என்றாய்.

மாரி தொடங்கமுதல் நீ போய்விட்டாய். எனக்கு உன்னில் கோபம், மச்சான். அழுகை வந்ததைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இது உன்னுடைய வேலை, நீ கொண்டுவந்து என் தலையில் கட்டிய வேலை. செத்த வீட்டுக்கு வந்த நம் கூட்டாளிகள், பாவம், இனி அதை விட்டுவிடு என்றார்கள். விட்டுவிடத்தான் நினைத்தேன். பின்னேரங்களில் செய்ய வேறொன்றும் இல்லாததால் தொடர்ந்து செய்தேன் என்பதுதான் உண்மை. தேத்தண்ணிக் கடைப்பக்கம் போகாமல் சுற்றுப்பாதையால் வீட்டுக்கு வந்து கணினிக்கு முன்னால் இருப்பேன்.

போன கிழமை இறக்கக்கண்டியிலிருந்து போன ஒரு வள்ளம் திரும்பவில்லை. மாமனும் மருமகனும். முதல்நாள் பின்னேரம் திடீரென்று காற்று எழும்பியிருந்தது. விடியக் கடற்றொழில் சங்கத்து ஆட்கள் என் வீட்டு வாசலுக்கு வந்து, உங்கட சாமானைக் கொண்டு வாங்கோ என்றார்கள். பறக்கவிட அனுமதியையும் அவர்களே ஓடித்திரிந்து எடுத்திருந்தார்கள். தேடப் போன வள்ளத்தில் நானும் ஏறினேன். உனக்குத் தெரியும், துறைமுகத்துக்குள் ஓடுகிற படகிலேயே எனக்குத் தலை சுற்றும். சத்தி எடுத்து எடுத்து, கணினியை மடியில் வைத்து, வெயில் படாமல் சாக்கால் மூடிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன். தண்ணீர், தண்ணீர், வெள்ளை நுரை. பற்றரியை மாற்றி மாற்றி ட்ரோனை ஏற்றினேன். வள்ளக்காரர் திரும்புவோமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

அப்போது ஒரு கட்டம் விழுந்தது. அணைந்தது. திரும்ப விழுந்தது. நான் அதை வெறும் நுரை என்றுதான் சொல்லியிருப்பேன். கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அது விடாமல் வள்ளம் என்றது. ட்ரோனைப் பதிய இறக்கினேன். ஒரு வெள்ளை மூக்கு, பக்கத்தில் இன்னொரு கட்டம். ஆள். ஒரு முகம் அண்ணாந்து பார்த்தது.

அந்த ஒரு கணம் நான் நீ என்றுதான் நினைத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. கடலில் கிடக்கிற மனிதன் என்றால் கணினிக்குத் தெரிந்த ஆள் நீ ஒருத்தன்தான். உன்னை வைத்துத்தான் அது அவரைக் கண்டது.

கிட்டப் போனபோதுதான் மருமகனையும் கண்டோம். வள்ளத்தின் மறுபக்கத்தில், கயிற்றால் மணிக்கட்டைக் கட்டியபடி கிடந்தான். இரண்டு பேரையும் எங்கள் வள்ளத்துக்குள் தூக்கிப் போட்டார்கள். மாமன் தண்ணீர் குடித்து, நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"எங்களக் கண்டது ஆரு மகன்?"

"சல்லிப் பெடியன் ஒருத்தன்."

"எங்க ஆளு? ஒரு சலாம் சொல்லோணும்."

"வரேல்லை" என்றேன்.

அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. யார் உன்னைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வரேல்லை. ஏதோ ஊருக்குப் போனவன் பஸ்ஸைத் தவறவிட்டது மாதிரி. கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

கரைக்கு வந்த கையோடு சல்லிக்குப் போனேன், உப்புச் சட்டையோடேயே. அம்மா முற்றத்தில் நின்றா. செய்தி எனக்கு முன்னமே போயிருந்தது.

"ரெண்டு பேருமோ தம்பி?"

"ஓம் அம்மா. ரெண்டு பேரும்."

அவ தலையாட்டினா. தேத்தண்ணி போட உள்ளே போனவ, வாசலிலேயே நின்று திரும்பினா.

"ரெண்டு பேரும் உயிரோடயோ?"

"ஓம் அம்மா."

அதற்குப் பிறகு அவ உள்ளே போகவில்லை. படியில் இருந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. நானும் பக்கத்தில் இருந்தேன். உனக்காகவா அண்ணனுக்காகவா என்று நான் கேட்கவில்லை. இருட்டும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

நீயும் முதலில் அம்மா கேட்டதைத்தான் கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு கிழமையாக அந்தப் பதிலை வைத்துக்கொண்டு உன்னைத் தேடுகிறேன். இரண்டு பேரும், மச்சான். இரண்டு பேரும் கரைக்கு வந்துவிட்டார்கள்.