ஆற்றின்மேல் இல்லாத வெளிச்சம்

தெஷ்ரீன் பின்மாதம், 20

இன்று எங்கள் கோவிலின் கலவைநூலைக் கோணியில் போட்டுக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நால்வர் எழுதிய நற்செய்தியை யாரோ ஒரே கதையாகப் பின்னிய நூல் அது. அப்பா அதைத்தான் வாசித்தார், அவருக்குப் பிறகு நான். நகரத்தில் ஆயர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்களாம், இனி நால்வரையும் தனித்தனியாகத்தான் வாசிக்க வேண்டுமாம்.

புதிய நூலை எங்கள் கோவில் குரு ஷலீத்தா என் கையில் கொடுத்தார். "பழசு வாயில வந்துடக் கூடாது மாரியாப். வந்தா வேலை மட்டும் போகாது, சபையை விட்டே தள்ளி வெச்சுடுவாங்க." சபைக்கு வெளியே என்றால் நற்கருணை இல்லை, செத்தால் ஜெபிக்கக்கூட ஆள் வராது.

எனக்கென்ன பயம்? கண் நன்றாகத் தெரிகிறது. எழுத்தைப் பார்த்து வாசிக்கத் தெரியாதவனா நான்?

கானூன் முன்மாதம், 3. ஞாயிறு

புதியதை வாசித்தேன். எங்கும் தடுமாறவில்லை.

வெளியே வந்ததும் செக்கு ஆட்டுகிற கம்சா என் கையைப் பிடித்துக்கொண்டான். "மவராசன்யா நீ! பயப்படாம பழசையே வாசிச்சிட்டியே!" இல்லையடா, புதியதைத்தான் வாசித்தேன் என்றேன். "ஆமாமா, புதுசுதான்" என்று கண்ணடித்துவிட்டுப் போனான். முட்டாள்.

கானூன் முன்மாதம், 4

சல்மத்தும் அதையே சொல்கிறாள்! "ஏங்க, கட்டின பொண்டாட்டிகிட்டயுமா மறைக்கணும்? நீங்க வாசிச்சது பழசுதான். முழுசும்."

கோபத்தில் கத்திவிட்டேன். எழுத்தின்மேல் விரல் வைத்து வாசித்தவன் நான். என் காது எனக்குப் பொய் சொல்லுமா?

கானூன் முன்மாதம், 10

பட்டப்பகலில், முற்றத்தில், அவளை எதிரே உட்காரவைத்து வாசித்தேன். எனக்குப் புதிய சொற்கள்தான் கேட்டன, ஒன்றுவிடாமல். பாதியிலேயே அவள் எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"நிறுத்துங்க! உதடு ஒண்ணு அசையுது, சத்தம் வேற வருது."

புத்தகத்தை மூடிவைத்தேன்.

கானூன் முன்மாதம், 11

வாய் என்னுடையதுதானா?

கானூன் முன்மாதம், 24

குருவுக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறார். "விடியல் திருநாளுக்கு நகரத்துலேர்ந்து ஆள் வர்றாங்கப்பா, நீ வாசிக்கிறதக் கேக்க. அன்னிக்கி ஆண்டவர் ஞானஸ்நானம் வாங்கின பகுதி. ஆத்துமேல வெளிச்சம் எழும்புற வரி பழசுல மட்டுந்தான் இருக்கு. அது மட்டும் வந்துச்சுன்னா உன்ன என்னால காப்பாத்த முடியாது."

காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளச் சொல்கிறாள் சல்மத். படுத்தால் மட்டும் விட்டுவிடுவார்களா? இன்னும் சந்தேகம்தான் வரும்.

கானூன் பின்மாதம், 6. விடியல் திருநாள்

வந்தவர் பெயர் அஸ்தேரி. கிரேக்கர்களிடையே வளர்ந்தவர், கலவைநூலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றார். தன் பிரதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, நான் வாசிக்க வாசிக்க விரலால் தொடர்ந்தார்.

ஆறு வந்தது. புறா வந்தது. வெளிச்சம் இல்லை. சத்தியமாக நான் அந்த வரியைச் சொல்லவில்லை. ஆனால் சரியாக அந்த இடத்தில் கோவில் முழுவதும் பெருமூச்சு விட்டது. வருடாவருடம் செய்வதுபோல் பெண்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள்.

அஸ்தேரி நிமிரவே இல்லை. விரல் நிற்காமல் போனது. முடிந்ததும் சொன்னார்: "ஒரு எழுத்து பிசகலியே வாசகரே!"

தப்பித்தேன். இரண்டு வட்டில் பருப்பு சாப்பிட்டேன்.

கானூன் பின்மாதம், 7

கிளம்புமுன் அஸ்தேரி வீட்டுக்கு வந்தார். கையில் புத்தகம் திறந்தபடியே இருந்தது.

"ஒரு சந்தேகம் வாசகரே. நேத்து ஆத்துமேல வெளிச்சம் எழும்புச்சுன்னு ஒரு வரி வந்துச்சே, நாலு பேர்ல அது யாரு எழுதினது? காலையிலேர்ந்து தேடறேன், காணோம். ஆனா நேத்து என் விரலுக்குக் கீழ இருந்துச்சு."

தெரியாதுங்க ஐயா என்றேன். தெருமுனை வரை பக்கத்தைப் புரட்டிக்கொண்டே நடந்தார்.

ஷெபாத் மாதம், 11. ஞாயிறு

வாசித்தேன். யாரும் பெருமூச்சு விடவில்லை. கம்சா வாசலில் வழிமறித்தான். "என்னய்யா, கடைசியில நீயும் புதுசுக்கு மாறிட்டியா?" என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

சல்மத்தைக் கேட்டேன். "ஆமாங்க. இன்னிக்குப் புதுசுதான்" என்றாள். சந்தோஷப்பட வேண்டியவன் நான். அழுகைதான் வந்தது.

ஷெபாத் மாதம், 15

எண்ணெய் வாங்க வந்த நகரத்து ஆட்கள் சொன்னார்கள். போன ஞாயிறு பெரிய கோவிலில் அஸ்தேரி வாசித்தாராம். முதலிலிருந்து கடைசிவரை பழசு என்று கேட்டவர்கள் எல்லாரும் ஆயர் முன் சத்தியம் செய்தார்களாம். அவரோ, புதியதைத்தான் வாசித்தேன் என்று அழுதாராம். தள்ளிவைத்துவிட்டார்கள். நகர மதிலுக்கு வெளியே ஒரு குகையில் இருக்கிறாராம்.

"இனிமே உன்ன யாரும் சோதிக்க மாட்டாங்க, நிம்மதியா இரு" என்றார் குரு.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. ஊரே கேட்டது, சல்மத் கேட்டாள், அஸ்தேரி கேட்டார். என் வாயிலிருந்து வந்ததை நான் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. இனி கேட்க வேண்டுமானால் அந்தக் குகைக்குத்தான் போக வேண்டும். தள்ளிவைத்தவரோடு உட்கார்ந்தால் உட்கார்ந்தவரையும் தள்ளுவார்கள், தெரியும்.

விடிந்ததும் கிளம்புகிறேன். சல்மத் ரொட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள், எங்கள் இரண்டு பேருக்கும்.