மாம்புரியில் நின்ற ஓட்டம்

மச்சான்,

இன்று காலை கரைப் பக்கம் எங்கேயோ கடலட்டை அவிக்கிறார்கள். அந்த வாடை காற்றோடு வீட்டுக்குள் வந்து போகாமல் நிற்கிறது. உன் கூடப் பிறந்த ராத்தா எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு புழுக்கம் தாங்காமல் அவளே திறந்துவிட்டாள். ஐஸ் கட்டிகளை லொறியில் ஏற்றிவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தவன் அப்படியே இருக்கிறேன். இப்போதெல்லாம் என்ன செய்தாலும் களைப்புத்தான். எழும்ப மனமில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் இந்த வாடை உன் சட்டையிலேயே இருந்தது. அட்டை பிடிக்கக் கடலுக்குள் இறங்குகிறவர்களில், அடியில் அதிக நேரம் நிற்கிறவன் நீ என்று ஊரில் பெயர். அன்றும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டுதான் இறங்கினாய். அட்டை நிறையக் கிடந்ததாம், நின்றுவிட்டாய். காற்று முடியப்போகிறது என்று தெரிந்ததும் அவசரமாக மேலே வந்திருக்கிறாய். போட்டில் ஏறி, தேத்தண்ணி கேட்டு வாங்கினாயாம். குடித்து முடிப்பதற்குள் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்றாயாம். வேகமாக மேலே வந்ததால் இரத்தத்தில் காற்று அடைத்துவிட்டது என்றார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தும் கால்கள் திரும்பவில்லை. உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகி வருஷங்கள் ஆகிவிட்டதால், ராத்தாவும் நானும் இருக்கிற இந்த வீட்டுக்குத்தான் வந்தாய்.

நீ அதிகம் எதுவும் கேட்கவில்லை. கடற்கரைக்குப் போக வேண்டும், அதுவும் யாரும் தூக்காமல் போக வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாய். அதற்கு மோட்டார் பூட்டிய மூன்று சில்லு வண்டி வேண்டும். எங்கள் இருவரின் உழைப்பில் அது நடக்கிற காரியமில்லை. அப்போதுதான் ஊர்ப் பொடியன்கள் கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரை நெடுந்தூர ஓட்டம் ஒன்று வைத்தார்கள். பள்ளிக்கூடக் காலத்தில் நான் ஓடியவன். உனக்காக ஓடுகிறேன், ஓடி முடித்ததும் உங்களால் ஆனதைக் கொடுங்கள் என்று கடை கடையாக, வீடு வீடாகச் சொல்லி வைத்தேன்.

நீ கோபப்பட்டாய். ரெண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. உன் சூம்பிய காலைப் படம் எடுத்து, நோட்டீஸில் போட்டு ஊருக்குக் காட்டக் கூடாது என்றாய். கடைசியில், போட்டில் நின்றபடி பெரிய பாரை மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற பழைய படத்தை நீயே தேடித் தந்தாய். நோட்டீஸைப் பார்த்தவர்கள், இவனுக்கு என்ன குறை, நல்லாத்தானே நிற்கிறான் என்று என்னிடம் கேட்டார்கள். அதைச் சொன்னபோது நீ ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாய்.

வரமாட்டேன் என்றவன், ஓட்டத்தன்று விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்த கையோடு பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாய். வழி முழுக்க எனக்குப் பின்னாலேயே வந்தாய். எத்தாளையில் வெங்காயத் தோட்டத்துப் பெண்கள் வேலையை விட்டு வந்து எனக்குத் தண்ணீர் தந்தார்கள், உன் மடியில் காசு வைத்தார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு வாங்கினாய். நடு ரோட்டில் நின்ற கழுதைகளை ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்து விரட்டினார். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தபோது நல்ல வெயில். அதைத் தாண்டிய பிறகு என் வலது கால் பிடித்துக்கொண்டது. உடன் ஓடிய இளவட்டங்கள் கண்ணுக்கே தெரியவில்லை. ரெண்டு தரம் வாந்தி எடுத்தேன். நொண்டினேன், மறுபடி ஓடினேன். என் மனதில் உன் வண்டி ஒன்றுதான் இருந்தது.

மாம்புரியில் ஓட்டோ என்னை முந்திப் போய் குறுக்கே நின்றது.

“மச்சான், ஏறுங்க” என்றாய்.

“இன்னம் கொஞ்சத் தூரம்தான், விடு.”

“எனக்கும் அப்பிடித்தான் இருந்திச்சி. அடியில நின்டு, இன்னம் கொஞ்சம்தான்னு நெனச்சேன்.”

நான் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தாய்.

“ராத்தாக்கு ஒரு வீட்டுல ரெண்டு பேரப் பாக்க ஏலாது. ஏறுங்க.”

ஏறினேன். உன் பக்கத்தில் இடமில்லாமல், உன் கால்களைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். பாலாவி தாண்டி உப்பளங்கள் வரும் வரை அவற்றைப் பிடித்தபடியே இருந்தேன். புத்தளத்தில் ஓட்டோவிலிருந்து இறங்கியபோது எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நீதான் அங்கே நின்றவர்களிடம், நான்தான் நிப்பாட்டினேன் என்று சத்தமாகச் சொன்னாய்.

ஓடி முடிக்கவில்லையே என்று சிலர், தருவதாகச் சொன்ன காசைத் தரவில்லை. அதை நான் பிழையாக நினைக்கவில்லை. அதிகம் பேர் தந்தார்கள். குறைந்ததை உன்னோடு கடலில் இறங்கியவர்களே சேர்த்துப் போட்டார்கள். வண்டி வந்த முதல் நாளே நீ கரைக்குப் போனாய். மணலில் சில்லுப் புதைந்து நகர மறுத்தது. அதற்குப் பிறகு கொங்கிரீட் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்திக்கொண்டு, போட்டுகள் வந்து சேரும் வரை பார்த்திருப்பாய். வேகமாகப் போகாதே என்றால் கேட்கமாட்டாய். ரெண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு ஆறாத படுக்கைப் புண், காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி. உன் உடல் ஜனாஸாவாக வீட்டுக்கு வந்த அன்று நான் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

நீ போன பிறகு ஒரு நோன்பு மாதமும் கடந்துவிட்டது. ஊரில், இனி உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வுதானே என்கிறார்கள். ஓம், ஓய்வுதான் என்கிறேன்.

நேற்றுப் பகல் சோறு தின்றுவிட்டு நானும் உன் ராத்தாவும் சற்றுக் கண்ணயர்ந்தோம். உன்னைப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதற்காக நாங்கள் முறை வைத்து எழும்பிய வீடு இது. அரைத் தூக்கத்தில் அவள் சொன்னாள்: “நீங்க படுங்க, நான் போய்ப் பொரட்டிட்டு வாறேன்.”

நானும் சரி என்றேன். அவள் எழும்பி, சீலையைச் சரி செய்துகொண்டு, உன் அறை வாசல் வரை போய்விட்டாள். அங்கேயே நின்றாள். நான் கூப்பிடவில்லை. அடுத்த முறை என்னுடையது என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன், மச்சான்.