முன்னறைக்கு என்ன பெயர்?

மார்ச் 3, ஞாயிறு

என் ஊமைக்கோட்டானுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம்தான். நீ நலமா, விடுதிச் சோறு இறங்குகிறதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே 'ம்' போடுவாய். கடிதத்திலாவது ஒரு முழு வாக்கியம் எழுது. போனில் பேசலாம் என்றால் கடையில் எப்போதும் நாலு பேர். நான் ஒரு வார்த்தை பேசினால் தெருமுனைக்குப் போவதற்குள் அது நாலு வார்த்தையாகிவிடுகிறது.

வீட்டு வரிச் சீட்டு வந்திருக்கிறது. போன வருடத்தைப் போல மூன்று மடங்கு. நமக்கு மட்டுமில்லை, நம் தெருவில் முன்னறையில் தொழில் செய்கிற பதினான்கு வீட்டுக்கும். முன்பெல்லாம் சீட்டில் 'வீடு' என்றுதான் இருக்கும். இப்போது 'முன்னறை: கடை' என்று போட்டிருக்கிறார்கள். கடைக்குத் தனி விகிதமாம், அதையும் போன வருடம் ஏற்றிவிட்டார்களாம். முக்கில் கண்ணாடிக் கதவு போட்ட செருப்புக் கடை இருக்கிறதே, அவனுக்கும் எனக்கும் ஒரே வரி. அவன் கடையில் ஏசி ஓடுகிறது. என் கடையில் ஓடுவது தையல் மெஷினும் அதன் தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும்.

இருபத்தாறாம் தேதி நகராட்சித் தேர்தல். துணி கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுப்பதை மறந்துவிட்டுக் கட்சி பேசுகிறார்கள்.

"கால்வாயை மூடினப்புறம் கொசு போச்சா இல்லையா? அதுக்குத்தான் வரி," என்றார் இஸ்திரிக்காரர். அவர் குடைக் கட்சி.

"இத்தனை நாள் கொசுவுக்கு ரத்தம் குடுத்தோம். இப்ப கொசுவை விரட்டினவங்களுக்கும் குடுக்கணுமா?" இது சைக்கிள்கடைக்காரர்.

"மணிக் கட்சிக்காரன் வரியைப் பாதியாக் குறைக்கிறேங்கிறான். பாதிக் கால்வாயைத் திறந்து விட்டுடுவானாண்ணே?"

"நீ முதல்ல என் சட்டைக் காலரைக் கருக்காம தேய். அப்புறம் ஊரைத் திருத்தலாம்."

சிரிப்பாகத்தான் தொடங்கியது. பிறகு யாரோ சொன்னார்கள், நம் வார்டு உறுப்பினர், இந்த முறையும் குடைக் கட்சியில் நிற்கிற நர்ஸம்மாதான் ஆபீசில் உட்கார்ந்து, நாம் எழுதிக் கொடுத்த படிவத்தில் வீட்டைக் கடை என்று மாற்றிவிட்டார் என்று. போன முறை இந்தத் தெரு அவருக்குச் சரியாக ஓட்டுப் போடவில்லை, அந்தப் பழியாம். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை தெருக்கூட்டம். இரண்டு கட்சியும் வரும். தெருவின் சார்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுதித் தர என் தங்கை இருக்கிறாள் என்று நான் பெருமையடித்துவிட்டேன். நர்ஸம்மா படிவத்தைத் திருத்திவிட்டார் என்று நறுக்கென்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பு. தெருவின் முதல் பட்டதாரி நீ. உன்னை விட்டால் யார் எழுதுவார்?

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா

மார்ச் 7, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

முழு வாக்கியம் கேட்டாய். நான் நலமாக இருக்கிறேன். சோறு இறங்குகிறது. எண்ணெய் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

மருந்துக் கிடங்கில் வேலை அப்படியேதான். பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். விடுதியிலும் சாப்பாட்டு மேசையில் தேர்தல்தான். வங்கியில் வேலை பார்க்கும் அக்காவுக்கும் டீச்சருக்கும் நேற்று பெரிய சண்டை. குழம்புக் கரண்டியை நீட்டி, "நீ யார் பக்கம்?" என்று டீச்சர் என்னைக் கேட்டார். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனவள் திரும்பி வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நர்ஸம்மா மாற்றியதை யாராவது கண்ணால் பார்த்தார்களா? நாம் கொடுத்த படிவத்தை யாராவது கேட்டு வாங்கிப் பார்த்தார்களா? பார்க்காமல் எப்படி எழுதுவது? எனக்கு நாய் கடித்தபோது பதினான்கு நாள் கழித்தும் மறக்காமல் கூப்பிட்டு அனுப்பி ஊசி போட்டவர் அவர்.

ஏற்றிய வரி நம் போன்றவர்களுக்குத் தாங்காது என்று இரண்டு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அது உண்மை. அதை மட்டும் பேசு அக்கா. யார் மாற்றினார்கள் என்பது நமக்கு வேண்டாம்.

அன்புடன்
உன் ஊமைக்கோட்டான்

மார்ச் 11, திங்கள்

ஊமைக்கோட்டானுக்கு,

நீ அனுப்பியதைப் படித்தேன். மிளகாய் கேட்டால் வெள்ளரிக்காய் அனுப்பியிருக்கிறாய். 'பரிசீலிக்குமாறு பணிவுடன்' என்று நான் தொடங்கினால் முன்வரிசையே கொட்டாவி விட்டுவிடும்.

சனிக்கிழமை நர்ஸம்மா கடைக்கே வந்துவிட்டார். ஐந்தாறு பேர் இருந்தார்கள். செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றார்.

"என்னம்மா, நான் மாத்தினேன்னு சொல்றியாமே?"

"ஊரே சொல்லுது."

"ஊர் சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்றே?"

நான் மெஷினை ஓட்டினேன்.

"வரியை ஏத்தக் கை தூக்கினது நான்தான். அதை இல்லைங்கமாட்டேன். ஊசி போடும்போதுகூட வலிக்காதுன்னு நான் யார்கிட்டயும் பொய் சொன்னதில்லை. ஆனா உங்க படிவத்துல ஒரு எழுத்தைத் தொடலை. ஆபீஸ்ல எழுதிக் கேளுங்க, எடுத்துக் காட்டுவாங்க."

"அவங்க காட்டுறதுக்குள்ள தேர்தல் முடிஞ்சுடும்," என்றேன்.

"அதுக்குள்ள என்னைத் திருடி ஆக்கிடலாம்னு பார்க்கறியா?"

அவர் போன பிறகு சைக்கிள்கடைக்காரர், "விடும்மா, கூட்டத்துல பேசிக்கலாம்," என்றார். அவர் மகள் இந்த வருடம் பள்ளிக்கூடம் முடிக்கிறாள். "உன் தங்கச்சியாட்டம் இவளையும் காலேஜுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். அவ எழுதி நீ பேசறதை இவளும் வந்து கேக்கட்டும்," என்கிறார். அதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்கே தெரியும்.

சாக்குப்போக்குச் சொல்லாதே. நான் கேட்டதை எழுதி உடனே அனுப்பு.

அக்கா

மார்ச் 14, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

கடை மூடிய பிறகு இதைப் படி.

நர்ஸம்மா மாற்றவில்லை. 'கடை' என்று எழுதியது நான்.

இரண்டு வருடத்துக்கு முன், நான் பரீட்சை விடுமுறைக்கு வந்திருந்தபோது நகராட்சிப் படிவம் வந்தது நினைவிருக்கிறதா? பதினான்கு வீட்டாரும் உன் வெட்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். நான் எழுத எழுதக் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவது கேள்வி, முன்னறையின் பயன்பாடு. 'குடியிருப்பு, வீட்டுக் கைத்தொழில், கடை' என்று மூன்று கொடுத்து, ஒன்றை எழுதச் சொல்லியிருந்தார்கள்.

கைத்தொழில் என்ற சொல்லைப் பார்த்ததும் என் கை நின்றது. கல்லூரியில் சேர்ந்த வாரம் ஒரு பெண், "உங்க வீட்டுல என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள் என்றேன். வீட்டில் உட்கார்ந்து தைக்கிறாள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மூன்று வருடமும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் உன் படிவத்தில் முதலில் கடை என்று எழுதினேன். பிறகு எல்லாருக்கும் அதையே எழுதினேன். நம் தெருவிலும் சைக்கிள் கடை, இஸ்திரிக் கடை என்றுதானே சொல்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருவரையும் கேட்கவில்லை. எதற்கு எவ்வளவு வரி என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை. அந்தப் படிவம் இந்த வருடச் சீட்டில்தான் ஏறியிருக்கிறது.

உனக்கு இது தெரியாது. நீ அப்போது சைக்கிள்கடை அக்காவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாய். "நீயே பாத்து எழுது, எனக்கு இதெல்லாம் என்ன புரியும்," என்று படிவத்தை என்னிடம் தள்ளிவிட்டாய்.

கூட்டத்தில் இதைச் சொல்லிவிடு அக்கா. செய்யாத தப்புக்கு அவர் தோற்கக் கூடாது. ஏற்றிய வரிக்காகத் தோற்றால் அது வேறு. நானே வந்து சொல்லலாம் என்று விடுப்புக் கேட்டேன், சரக்கு வரும் வாரம் என்று தரவில்லை. தந்திருந்தாலும் மைக் முன்னால் எனக்குக் குரல் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

உன்னால் சொல்ல முடியாது என்றால் எழுது. நானே நர்ஸம்மாவுக்கு எழுதுகிறேன்.

உன் தங்கை

மார்ச் 17, ஞாயிறு

கடிதம் வந்தது. படித்துவிட்டு அடுப்பில் போட்டேன்.

பிறந்ததிலிருந்து வாயைத் திறக்காதவள் இப்போது எதற்குத் திறக்கிறாய்? நர்ஸம்மா தோற்றால் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பார். நான் இந்தத் தெருவில் இருந்தாக வேண்டும். இந்தப் பதினான்கு வீடும் நான் தைத்ததைத்தான் உடுத்துகிறது. "வயித்தைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வெச்சாளே, படிச்ச லட்சணத்தைப் பாரு" என்பார்கள். நீ அங்கே இருப்பாய். அதைக் கேட்டுக்கொண்டு மெஷினை மிதிக்க வேண்டியது நான்.

சைக்கிள்கடைக்காரர் மகளை நினைத்தாயா? அவள் அம்மா இப்போதே மாப்பிள்ளை தேடுகிறாள். படித்தவளை நம்பிக் கெட்டோம் என்று தெரிந்தால் அவளுக்குக் கல்லூரி உண்டா?

தேர்தல் முடியட்டும். சத்தமில்லாமல் திருத்தப் படிவம் போட்டுக்கொள்ளலாம்.

நர்ஸம்மாவுக்கு எழுதுவதாக இருந்தால் அதன் பிறகு எனக்கு எழுதாதே.

மார்ச் 19, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் கையெழுத்துக்கூட இல்லை.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் நர்ஸம்மாவுக்கு எழுதியதைத் தபாலில் போட்டேன். போட்டவுடன் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. பின்னால் நின்ற பெரியவர், "என்னம்மா, தபால்தலை ஒட்டலையா?" என்றார். ஒட்டியிருந்தேன்.

அதில் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். அக்காவுக்குத் தெரியாது, அக்காவுக்கு இதில் பங்கில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். தெரு திட்டினால் என்னைத்தான் திட்ட வேண்டும்.

சைக்கிள்கடைக்காரர் மகளை நினைத்தேன். இரண்டு நாளாக அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் தபாலில் போட்டேன்.

எனக்கு எழுத வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் சரி. நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

உன் தங்கை

மார்ச் 31, ஞாயிறு

ஊமைக்கோட்டானுக்கு,

நர்ஸம்மா தோற்றுவிட்டார். பத்தொன்பது ஓட்டு வித்தியாசம். சுற்றி வளைக்காமல் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் மதியம் அவர் கடைக்கு வந்தார். வேறு யாரும் இல்லை. உன் கடிதத்தை மெஷின் மேல் வைத்தார்.

"இதை நான் மைக்ல படிச்சா, தேர்தலுக்காக ஜோடிச்சதும்பாங்க. சின்னப் பொண்ணு பேரும் சந்தி சிரிக்கும். நீயே வெச்சுக்கோ."

"அப்ப உங்க பேரு?" என்றேன்.

"அதை நீதான் சொல்லணும்," என்றுவிட்டுப் போய்விட்டார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். 'அக்காவுக்குத் தெரியாது.' அந்த இடத்தில்தான் உன்மேல் கோபம் வந்தது. ஏன் தெரியாது? பத்தாவது வரை படித்தவள் நான். 'எனக்கென்ன புரியும்' என்று ஒரு பேச்சுக்குச் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடுவாயா?

அன்று நீ பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனாய். நான் என் படிவத்தை எடுத்து முழுவதும் படித்தேன். பின்பக்கமும் படித்தேன். எதற்கு எவ்வளவு என்று நன்றாகவே புரிந்தது. "கைத்தொழில்னு போடுடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினைந்து வருடமாகத் தைக்கிறேன். அரசாங்கத் தாளில், உன் கையெழுத்தில், என் பெயருக்கு நேரே 'கடை' என்று பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அப்போது வித்தியாசம் கொஞ்சம்தான், கட்டிவிடலாம் என்று நினைத்தேன். மற்ற பதின்மூன்று வீட்டை நான் நினைக்கவே இல்லை.

இந்த வருடச் சீட்டைப் பார்த்ததும் அந்தப் பின்பக்கம்தான் நினைவுக்கு வந்தது. நர்ஸம்மா மாற்றினார் என்று யாரோ சொன்னதாக உனக்கு எழுதினேனே, அந்த யாரோ நான்தான்.

கூட்டத்தில் மைக்கை வாங்கிச் சொன்னேன். "எழுதினது என் தங்கச்சி. படிச்சுப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தது நான். நர்ஸம்மா மாத்தலை. மாத்தினாங்கன்னு கிளப்பி விட்டதும் நான்தான்." அவ்வளவுதான் பேசினேன்.

சைக்கிள்கடைக்காரர் எழுந்து, "மூணு வாரமா அந்தம்மாவைத் திருடின்னு எங்க வாயால சொல்ல வெச்சியே, அதுக்கு என்னம்மா பண்ணப் போறே?" என்று கேட்டார். நான் மைக்கைக் கீழே வைத்தேன்.

"இப்பவாவது சொன்னாளேண்ணே," என்றார் இஸ்திரிக்காரர்.

"நீ சும்மா இருப்பா. உன் முன்னறைக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு."

மணிக் கட்சி வேட்பாளர் அதற்குள் மைக்கைப் பிடித்துக்கொண்டார். யார் எழுதினால் என்ன, ஏற்றியது குடைக் கட்சிதானே என்றார். கை தட்டினார்கள். அது பொய்யுமில்லை. நர்ஸம்மா எழுந்து, "ஆமாம், ஏத்தினோம். கால்வாய் வேணும்னா ஏத்தித்தான் ஆகணும்," என்றார். அதற்கும் கொஞ்சம் பேர் தட்டினார்கள். ஏற்றிய வரிக்காகத் தோற்றால் அது வேறு என்று எழுதியிருந்தாயே, எதற்காகத் தோற்றார் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் நான் பேசிய பேச்சு பத்தொன்பது ஓட்டைத் தின்றிருக்காதா? படுத்தால் அதுதான் ஓடுகிறது.

ஐந்து பேர் வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் திட்டவில்லை. "அவசரமில்லை, அப்புறம் தர்றேன்," என்றார்கள். சைக்கிள்கடைக்காரர் பேசுவதில்லை. அவர் மகள் கல்லூரி என்ன ஆயிற்று என்று கேட்கும் முகம் எனக்கில்லை.

பதவி முடியும் முன் நர்ஸம்மா ஒரு கட்டுத் திருத்தப் படிவம் வாங்கி அனுப்பியிருந்தார். அவரவர் வீட்டில் அவரவரே எழுதுகிறார்கள். எல்லாரும் பின்பக்கத்தை முதலில் படிக்கிறார்கள். இஸ்திரிக்காரர் எழுத்துக் கூட்டிக் கூட்டி இரண்டு நாள் படித்தார். நானும் என்னுடையதை எழுதிக் கொடுத்துவிட்டேன். கைத்தொழில் என்றுதான் எழுதினேன். அந்தச் சொல்லில் என் கையும் ஒரு நொடி நின்றது; உன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

எழுதாதே என்று நான் சொன்னதை எடுத்துக்கொள்ளாதே. அடுத்த மாதம் விடுப்புக் கிடைத்தால் வா. நாலு பேர் முகம் கொடுக்க மாட்டார்கள். நான் தெருமுனைக்கு வந்து நிற்கிறேன், சேர்ந்து நடந்துவிடலாம். இங்கே யாருக்கும் நீ எதையும் எழுதித் தர வேண்டாம்.

சும்மா வா.

அக்கா