பத்துக் காம்பராவுக்கு ஒரே மீட்டர்

ஜூலை 11, செவ்வாய். பசறை.

அருவருப்பாக இருக்கிறது. உதவிப் பணத்துக்கான பெயர்ப் பட்டியல் இன்று வந்தது. செல்வி அக்காவின் பெயர் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் அவள் இருக்கும் லயத்தில் ஒருத்தர் பெயரும் இல்லை. அங்கே கணக்கெடுக்கப் போனவள் நான்தான்.

நாட்டுக்குக் கடன் கொடுக்கிறவர்கள், நிஜமான ஏழைகளுக்கு மட்டும்தான் உதவி போகவேண்டும் என்று நிபந்தனை போட்டார்களாம். அதற்காக அடித்த படிவம் கரண்ட் எத்தனை யூனிட் என்று கேட்டது; யூனிட் கூடினால் ஏழை இல்லை என்று கணக்கு. அந்த லயத்தில் காம்பராவுக்கு ஒரு குடும்பம்; பத்துக் காம்பராவுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். அதைச் சொல்லப் படிவத்தில் இடமில்லை. மேலதிகாரியிடம் கேட்டேன்.

"பில்லுல உள்ளதப் போடுங்க மிஸ், கத பேசாதீங்க" என்றார்.

போட்டேன். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் முழு பில்லையும் கட்டினேன். அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

சாயங்காலம் அக்கா பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"நீ வந்தன்னைக்கு சீனி போட்டு டீ குடுத்தேனே தங்கச்சி, அதையும் எழுதிட்டியா?"

அந்தச் சீனியை அவள் பக்கத்துக் காம்பராவில் கைமாத்து வாங்கி வந்தாள். பார்த்துக்கொண்டேதான் குடித்தேன்.