முத்திரை விழுந்த டைனோசர்கள்

செந்துறை வட்டம்,
27.11.2025

அன்பு மகள் கவியாவுக்கு,

அப்பா உத்திராபதி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், போலந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அய்யனாரைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வருடமாக உனக்கு ஒரு வரி எழுதாதவன் திடீரென்று நலம் விசாரித்தால் உனக்குச் சிரிப்புத்தான் வரும், சிரித்துக்கொள். முப்பத்தெட்டு வருடம் சைக்கிள் மிதித்து ஊரார் கடிதத்தையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரனுக்குத் தன் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காலையிலிருந்து மூன்று தாள் கிழித்தாகிவிட்டது, அதில் ஒன்றை ஆடு தின்றுவிட்டது. நல்லவேளை, அந்தத் தாளில்தான் நான் பெரிய மனுஷன் மாதிரி எழுதியிருந்தேன்.

இந்த வருடம் நல்ல மழை, ஏரி முக்கால்வாசி நிறைந்துவிட்டது. மக்காச்சோளத்தில் புழு விழுந்ததில் பாதிதான் தேறும் போலிருக்கிறது. உன் தம்பி அறிவரசன் அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் மாறி மாறிப் போய்வருகிறான், பகலில் தூங்குகிறான், எழுப்பினால் கடிக்க வருகிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் உண்டு, ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை. இதையெல்லாம் அம்மாவே உனக்குப் போனில் சொல்லியிருப்பாள், நான் இருக்கும்போது மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்த்தான் உன்னோடு பேசுவாள், எனக்குத் தெரியாது என்று அவளுக்கு நினைப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி மாதம் நீ ஒரு உறை அனுப்பினாயே, உள்ளே ஆறு டைனோசர் தபால்தலை ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்த தாள், அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். நான் ஓய்வு பெற்றபின் தபால்தலை சேர்க்கிற பைத்தியம் பிடித்து அலைவதை அம்மா சொல்லித்தான் நீ அனுப்பியிருப்பாய். அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அவளுக்கே தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் நீ போனில், கூட வேலை பார்க்கிற அந்த ஊர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது, இனிமேல் உனக்கு இந்த வீட்டில் விலாசம் கிடையாது என்று கத்தினேன் அல்லவா. தபால்காரன் புத்தி, கோபத்திலும் வாயில் விலாசம்தான் வந்தது. கத்திவிட்டேனே தவிர, உன் நினைப்பு வராத நாள் கிடையாது. போன் போட வீம்பு விடவில்லை. அதனால் பரணிலிருந்து உன் பள்ளிக்கூடத்து நோட்டை எடுத்தேன், நீ சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்திருந்த டைனோசர் தபால்தலை ஏழும் அப்படியே இருந்தன. வெளிநாட்டிலிருந்து கடிதம் வருகிற வீடுகளில் நான் கெஞ்சி வாங்கி வந்து உனக்குக் கொடுத்தவை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா உள்ளே வந்தாள். மகளை நினைத்து அழுகிறேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை, தபால்தலை சேர்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்காகச் சேர்க்கவும் வேண்டியதாகிவிட்டது.

பிறகு திருச்சிக்குப் போய்த் தபால்தலை சேர்க்கிறவர்கள் சங்கத்தில் சேர்ந்தேன். அங்கே முத்தமிழ்செல்வன் என்று ஒரு கணக்கு வாத்தியார், ரிட்டயர் ஆனவர், எல்லா ஊர்த் தபால்தலையும் வைத்திருக்கிறார். எந்தெந்த நாட்டில் டைனோசர் போட்டார்கள் என்று விரல் விட்டுச் சொல்லுவார். என் காலத்தில் எத்தனையோ தபால்தலையை எச்சில் தொட்டு ஒட்டிக் குத்தியவன் நான், அவர் என்னை முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி உட்கார வைத்து, இடுக்கியால்தான் எடுக்கணும், பின்பக்கப் பசையில விரல் பட்டாப் போச்சு, திருப்பியே பாக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். நானும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். குன்னம் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கல் வந்து, ஊரே டைனோசர் முட்டை என்று ஓடியபோது நானும் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடி ஒரு கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேனே, பிறகு அது முட்டையே இல்லை, அந்தக் காலத்துக் கடல் நத்தை மாதிரி ஒன்று இருந்த கல் என்று படித்தவர்கள் சொன்னார்களே, அந்தக் கல்லையும் சங்கத்தார் நடத்துகிற தபால்தலைக் கண்காட்சியில் வைக்கலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒட்டி அனுப்ப முடியுமாய்யா இதை என்று கேட்டார். இப்போது அந்தக் கல்லை உன் அம்மா ஊறுகாய்ச் சாடி மேல் பாரம் வைத்திருக்கிறாள்.

உன் உறை வந்த அன்று அதை நான் பிரித்த அழகைக் கேள். தாளைப் பார்க்கும் முன்னால் கடிதத்தைத்தான் தேடினேன். உறையைக் கவிழ்த்து உதறினேன், வெயிலில் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன், ஒரு துண்டுச் சீட்டுக் கூட இல்லை. அப்பனுக்கு எழுத அவளுக்கு ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று மனசு சுருங்கிப்போனது. சரி, பொம்மையாவது அனுப்பினாளே என்று, வாத்தியார் சொன்ன மாதிரியே இடுக்கியால் நுனியைப் பிடித்துத் தூக்கி, பின்னால் கருப்பு அட்டை வைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிவிட்டேன். அதோடு மூன்று மாதம் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்ச நஞ்சமில்லை. டீக்கடையில் காட்டினேன், செந்துறை பஸ்ஸில் கண்டக்டருக்குக் காட்டி ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினேன், மக போலந்துலேர்ந்து எனக்குன்னே அனுப்பியிருக்கா என்று கேட்காதவர்களுக்கும் சொன்னேன். எதிர்வீட்டு இருசம்மாள் மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, இது நம்ம கொல்லையில கெடக்குற ஓணான்தானே, இதுக்கா இந்தப் பவுசு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மூன்று மாதமும் உன் அம்மா என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ரசத்தில் உப்பு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. என்ன விஷயம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள், நான் டைனோசர் கவரைத் தொட்டால் மட்டும் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். முழங்கால் வலிக் கோபம் என்று நினைத்து அரியலூரில் தைலம் வாங்கி வந்து கொடுத்தேன். அதை வாங்கி ஆட்டுக்கு எங்கேயோ அடிபட்டிருக்கிறது என்று அதற்குத் தேய்த்துவிட்டாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் கண்காட்சி. அதற்கு முன் நம் ஊர்ப் போஸ்டாபீசில் இப்போது போஸ்ட் மாஸ்டராக இருக்கும் ஜெயசுதாவுக்கும் காட்டிவிட வேண்டும் என்று நேற்று முன்தினம் காலையில் போனேன். நல்ல பெண். கவர் பளபளன்னு அடிக்குதுங்க ஐயா, வெளியில எடுத்துக் காட்டுங்க என்றாள். எடுத்து மேசையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை முந்நூறு ஒரே கட்டாக வந்து இறங்கியது, இன்னொரு பக்கம் சேமிப்புப் புத்தகத்தோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். பாவம் பிள்ளை தடுமாறுகிறதே என்று, நீ அவங்களப் பாரும்மா, முத்திரைய நான் குத்துறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். முத்திரையைக் கையில் பிடித்ததும் எனக்கு முப்பது வயது குறைந்துவிட்டது. மையில் ஒரு தட்டு, தபால்தலையில் ஒரு குத்து, கண் வேறெங்கோ பார்க்கும், கை பாட்டுக்குப் போகும். வரிசையில் நின்ற பெண்கள் என் வேகத்தைப் பார்க்கிறார்களா என்று நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே குத்தினேன். ஐயா ஐயா, பல்லியப் போட்டுக் குத்துறீங்களே என்று ஜெயசுதா அலறியபோதுதான் குனிந்து பார்த்தேன். ஆறு டைனோசரில் நாலின் மூஞ்சியில் நம் ஊர்ப் பெயரும் தேதியும் வட்டமாக, தெள்ளத்தெளிவாக விழுந்திருந்தன. முத்திரை விழாத தபால்தலையை இந்தக் கை சும்மா விடாது பாப்பா, அது நீ அனுப்பியதாக இருந்தாலும்.

 மை பின்பக்கம் ஊறிவிட்டதா என்று பார்க்கத்தான் தாளைத் திருப்பினேன். வாத்தியார் திருப்பாதே என்று சொன்ன பின்பக்கத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். ஓரத்தில் விட்டிருந்த வெள்ளைப் பட்டையின் பின்னால் பென்சிலில் உன் எழுத்து. அப்பா, பொங்கலுக்கு நானும் தோமாஷும் வரலாமா, நீங்க சொன்னாத்தான் டிக்கெட் போடுவேன் என்று எழுதியிருக்கிறாய்.

அப்பன் தபால்காரன், தபால்தலை கைக்கு வந்தால் பசை இருக்கிறதா என்று முதலில் திருப்பித்தான் பார்ப்பான் என்று நம்பி எழுதியிருக்கிறாய். சரியாகத்தான் நினைத்திருக்கிறாய், அந்தத் தபால்காரன்தான் பெரிய சேகரிப்பாளர் ஆகிவிட்டானே. ஊரில் அரைகுறை விலாசம் எழுதிய கடிதத்தைக் கூட வீடு வீடாக விசாரித்துச் சேர்த்தவன், தனக்கு வந்த கடிதத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் பஸ்ஸில் போய்வந்திருக்கிறேன். இந்த முட்டாள்தனத்தைச் செய்ய நம் தாலுகாவில் வேறு ஆள் கிடையாது.

செருப்பைக் கூட அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் காட்டினேன். அவள் வாசித்துப் பார்க்கக் கூட இல்லை. ஏங்க, இப்பத்தான் பாக்குறீங்களா, நான் என்னமோ நீங்க பாத்துட்டு வேணும்னே கல்லாட்டம் உக்காந்திருக்கீங்கன்னு இல்ல நெனச்சேன் என்று சொல்லி அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா தானாச் சொல்லட்டும், நீ கேட்டு வாங்கித் தர்ற சம்மதம் எனக்கு வேணாம் என்று நீ அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாமே. போன மாதம், இனிமே அப்பா பேச்சை எடுக்காதம்மா, நாங்க லீவு கேக்கல என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அங்கே ஒவ்வொரு நாளும் பதில் வருமா வருமா என்று பார்த்திருப்பாய், நான் இங்கே உன் கேள்வியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஊருக்கெல்லாம் படம் காட்டிக்கொண்டிருந்தேன். நான் அன்று போனில் சொன்னது தப்பு. அந்தப் பையன் யார், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னேன், அது அதைவிடத் தப்பு. என்னை மன்னித்துக்கொள்ளம்மா. இதை எழுத இரண்டு தடவை பேனாவை மூடி மூடித் திறந்தேன்.

வா பாப்பா. இரண்டு பேரும் வாருங்கள். இன்றைக்கே லீவு கேள், விமானத்தில் இடம் கிடைக்காவிட்டால் பொங்கல் கழிந்து வந்தாலும் சரி, அரிசியும் வெல்லமும் எங்கேயும் ஓடிவிடாது. மாப்பிள்ளை பெயரை இதுவரை நான் வாயால் சொன்னதில்லை, நேற்று அறிவரசனை எழுப்பி வைத்துச் சொல்லிப் பழகினேன், தோமாஷ். சரியாக எழுதியிருக்கிறேனா பார். அவருக்கு மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் ஏலாக்குறிச்சி இருக்கிறது, நானே கூட்டிப் போகிறேன். காரம் சாப்பிட மாட்டார் என்றால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, அவள் கை தானாகக் குறையாது. வெந்நீர் போட ஹீட்டர் ஒன்று மாட்டச் சொல்லியிருக்கிறேன், வெள்ளைக்காரர் குளிர்காலத்தில் நம் ஊரில் வெந்நீர் கேட்பாரா என்று அறிவரசன் சிரிக்கிறான், சிரிக்கட்டும். திருச்சிக்கு நான் போகவில்லை என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். முத்திரை விழுந்தது போகட்டும்யா, அதுல பென்சில்ல வேற எழுதியிருக்கே, மதிப்பே போச்சே என்றார். 

இந்தக் கடிதம் உன் கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். அதனால் அறிவரசன் தூங்கி எழுந்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு வாட்சப்பில் அனுப்பிவிடுவான், தாளை நாளைக்கு நான் தபாலில் சேர்க்கிறேன். நீயும் தோமாஷும் நீண்ட ஆயுளோடு, பதினாறும் பெற்று, ஒருவருக்கொருவர் ஆதரவாக நன்றாக இருக்க வேண்டும். பனியில் காது மூடாமல் வெளியே போகாதே. இனிமேல் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுது. இதைப் படித்ததும் போன் போடு. அம்மாவுக்கு வேண்டாம், எனக்குப் போடு. போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். எடுத்ததும் என் பக்கத்திலிருந்து பேச்சு வராவிட்டால் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்.

உன் அப்பா,
க. உத்திராபதி