தலைகீழான கடல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். நெடுநேரம் யோசித்து, இன்று முதல் பக்கத்து மேசைக்காரியோடு தேநீர் குடிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

நடந்தது சின்ன விஷயம்தான். ஆழமில்லாத பழங்கடலில் சிப்பியும் பவளமும் செத்துக் குவிந்து, தரை அமிழ அமிழ ஈடுகொடுத்து வளர்ந்த சுண்ணாம்புத் திட்டைத்தான் ஆராய்கிறோம். துளையிட்டு எடுத்த கல்லைப் பார்த்து, அங்கே கடல் மெல்ல வற்றியது என்று எழுதியிருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, சிப்பிக்குள்ள சேறு மேல்பக்கமா ஒட்டியிருக்கு? சேறு அடியிலதானே படியும்? கல்லைத் தலைகீழா வெச்சிருக்கே!"

அதாவது கல்லைத் திருப்பி வைத்தால் அடுக்குகளின் வரிசையும் திரும்பிவிடுகிறது; கடல் வற்றவில்லை. ஆழமாகித் திட்டையே மூழ்கடித்திருக்கிறது. பேராசிரியர் அவளுக்குக் கைகொடுத்தார். நான் கேட்டிருந்த பவளத்தீவுப் பயணத்துக்கும் அவளையே அனுப்புகிறார். அவளுக்கு நீந்தக்கூடத் தெரியாது.

எனக்குப் பொறாமை இல்லை. அடுத்த பொட்டலத்தில் ஒரு தலையணை உறை வையுங்கள். முடிந்தால் உங்கள் குரலைக் கைபேசியில் பதிந்து அனுப்புங்கள்; செய்தித்தாளை வாசித்தாலும் போதும், நீளமாக இருக்கட்டும்.

ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள், முடிக்கிறேன். இந்தக் கட்டடத்தில் என்னைத் தவிரத் தமிழ் பேசுபவள் அவள் ஒருத்திதான்.

உங்கள் மகள்